அம்மிச்சியோட ரெட்டை வட சங்கிலியும் ஒரு ஹால்மார்க் சென்டரும்: பழைய நகைய டெஸ்ட் பண்ணப் போறவங்களுக்கு

வீட்டுல இருக்குற பழைய நகை என்ன தரம்னு தெரிஞ்சுக்கணும்னா நகைக்கடைக்குத்தான் போகணும்னு நெறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, அப்படி ஒண்ணும் இல்லீங்க. பிஐஎஸ், அதாவது மத்திய அரசோட தர நிர்ணய அமைப்பு, அங்கீகாரம் குடுத்த ஹால்மார்க் சென்டருக்கு (நகை தரத்த பாத்து முத்திரை குத்தற எடம்) நாமளே நேரா நகைய எடுத்துட்டு போகலாம், கடைக்காரங்களுக்கு மட்டும்தான் செய்வாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நாலு பொருள் வரைக்கும் 200 ரூபா, அஞ்சும் அதுக்கு மேலயும்னா ஒரு பொருளுக்கு 45 ரூபா, இதுதான் பிஐஎஸ் சொல்லியிருக்குற கணக்கு, வரி தனி. கடைசில ஒரு ரிப்போர்ட் கையில குடுப்பாங்க. நான் போனது கோயமுத்தூர் ராஜ வீதி பக்கம் பட்டறைங்களுக்கு நடுவுல இருக்குற ஒரு சென்டர். பேரு வேண்டாம், நான் சொல்லப்போற நல்லது கெட்டது ரெண்டும் அந்த ஏரியால இருக்குற எந்த சென்டருக்கும் கிட்டத்தட்ட பொருந்தும்.

மொதல்ல ஏன் சென்டர், ஏன் கடை இல்லைங்கறத சொல்லிடறேன். பெரிய கடைங்கள்ல கேரட் மீட்டர்னு ஒண்ணு வச்சு ஓசிலயே பாத்து சொல்றாங்க, ஆனா அவங்க கண்ணுக்கு நாம நகைய விக்க வந்த ஆளு, இல்லன்னா மாத்தி புதுசு எடுக்க வந்த ஆளு, அதனால நம்பர் வர்றதுக்கு முன்னாடியே அழுக்கு இருக்குது அரக்கு இருக்குது பத்து வச்சது (உருக்கி ஒட்டுப் போட்டது) ஜாஸ்தின்னு பேச ஆரம்பிச்சுருவாங்க. அடகுக்கடைல கல்லுல ஒரசி ஆசிட் விட்டு பாப்பாங்க, அனுபவம் இருக்குற ஆளுன்னா கிட்டத்தட்ட சரியா சொல்லிருவாரு, ஆனா அவரு சொல்றது அவரு எவ்வளவு கடன் குடுக்கணும்ங்கறதுக்காக. சென்டர்காரங்களுக்கு உங்க நகைல தங்கம் நூத்துக்கு 90 வந்தாலும் ஒண்ணுதான் 40 வந்தாலும் ஒண்ணுதான், அதே 200 ரூபாதான். நகைய பத்தி ஒரு ஆசையும் இல்லாத ஒருத்தர் கிட்ட நகைய குடுக்கணும்னா இந்த ஊர்ல அந்த ஒரே எடம் அதுதான்னு தோணுது. நாம கூட கூட்டிட்டு போற ஆளுங்களுக்கு அந்த மாதிரி இருக்காது, அது வேற கதை, அதத்தான் சொல்ல வர்றேன்.

நாங்க போனதுக்கு காரணம் எங்க அம்மிச்சி, அம்மாவோட அம்மா. எண்பது தாண்டிருச்சு, இருக்கும்போதே பேரன் பேத்திகளுக்கு நகைய பிரிச்சு குடுத்தர்றேன்னு சொல்லுச்சு, மாமா பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, எதையும் பேப்பர்ல எழுதாம அவருக்கு தூக்கம் வராது, "தரம் தெரியாம எப்படிம்மா பிரிக்கிறது, நாளைக்கு ஒருத்தருக்கு கூட ஒருத்தருக்கு கம்மின்னு வரும்"னு சொல்லிட்டாரு. ஞாயமான பேச்சுதான். அதனால அம்மிச்சியோட ஜார்ஜ் ராஜா காசு ஒண்ணு, ரெட்டை வட சங்கிலி, அம்மாவோட தோடு, சித்தி பெரிய கடைல வாங்கின வளையல் ஒண்ணு, இந்த நாலும் எடுத்துக்கிட்டோம். சங்கிலிய யாரு கையிலயும் குடுக்க மாட்டேன் நானே கொண்டாறேன்னு அம்மிச்சியும் கூட வந்துருச்சு.

சென்டர்னதும் லேப் மாதிரி பளபளன்னு இருக்கும்னு நினைச்சு போகாதீங்க. குறுகலான மாடிப்படி, மேல ஒரு கம்பி ஜன்னல் கவுண்டர், உக்கார ரெண்டே பிளாஸ்டிக் சேர், அதுலயும் பட்டறை பசங்க சரக்கு டப்பாவ வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு பையன் நல்லவன் எந்திரிச்சு அம்மிச்சிக்கு எடம் குடுத்தான். எடை போட்டு, ஒவ்வொண்ணா பேரு எழுதி, நம்ம முன்னாடியே சீட்டு குடுத்தாங்க, அந்த விஷயத்துல குறையே இல்ல. நகை உள்ள போனதுக்கு அப்புறம் நம்ம கண்ணுக்கு தெரியாம போயிரக்கூடாதுன்னு நான் கேட்டேன், டெஸ்ட் பண்றவரு "வாங்க தம்பி, பக்கத்துலயே நின்னு பாருங்க"ன்னு கூப்பிட்டாரு, எல்லா சென்டர்லயும் இப்படி விடுவாங்களான்னு சொல்ல மாட்டேன், கேட்டுப் பாருங்க, கேக்கறதுல தப்பில்ல.

மெஷின்னா ஒரு மைக்ரோவேவ் அவன் சைஸ் பொட்டிதாங்க. உள்ள நகைய வச்சு மூடிட்டா பக்கத்து ஸ்கிரீன்ல கேமரா வழியா பெருசா தெரியுது, ஒரு கூட்டல் குறி மாதிரி கோடு, அத எந்த எடத்துல வைக்கறாங்களோ அந்த எடத்துல எக்ஸ்ரே விழும், ஒவ்வொரு உலோகமும் அதுக்குன்னு ஒரு மாதிரி எக்ஸ்ரேய திருப்பி அனுப்பும், அத வச்சு தங்கம் எவ்வளவு வெள்ளி எவ்வளவு செம்பு எவ்வளவுன்னு கணக்கு போட்டு சொல்லிருது. நகைய வெட்டறதும் இல்ல உருக்கறதும் இல்ல, ஒரு நிமிசத்துக்குள்ள வேலை முடிஞ்சுது. ஒரு குறை என்னன்னா இது மேல் தோலை மட்டும்தான் படிக்கும், முலாம் பூசின பொருளுன்னா முலாத்ததான் சொல்லும், அதனால சந்தேகம் வந்தா ஒரு ஓரத்துல லேசா ராவிட்டு மறுபடி வைப்பாங்க.

மொதல்ல காசு. ஒரு பக்கம் ராஜா தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒருத்தன் உக்காந்து கீழ கெடக்குற பாம்பாட்டம் எதையோ குத்தற படம். வெள்ளைக்காரன் காசு 22 கேரட்டுங்கறது உலகத்துக்கே தெரிஞ்ச கணக்கு, 7.98 கிராம் எடை, அதனால அத மொதல்ல வைக்கச் சொன்னது நாந்தான், மெஷின் சரியா இருக்குதான்னு தெரிஞ்சுக்கலாம்ல. 91.6 வந்துச்சு, நூத்துக்கு அவ்வளவு தங்கம், 22 கேரட்டோட கணக்கு அதுதான். டெஸ்ட் பண்றவரு ஸ்கிரீன காட்டி "அம்மா, உங்க காசு சுத்தமா இருக்குதுங்க"ன்னாரு. அம்மிச்சி முகத்துல என்ன ஒரு சந்தோசம், "பாத்தியா கண்ணு, பொட்டி கரெக்டா சொல்லுது, காலம் எவ்வளவு மாறிப் போச்சு, அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்திருந்தா எவனும் ஏமாத்த முடியுமா"ன்னு என்கிட்ட சொல்லுச்சு.

அடுத்து சங்கிலி. ஸ்கிரீன்ல பாத்தா கண்ணி ஒவ்வொண்ணும் ஒரு அளவுல இல்ல, கையால கம்பி இழுத்து வளைச்சது நல்லாவே தெரியுது, பத்து வச்ச எடத்துல எண்ணெயும் மஞ்சளும் சேந்து கருப்பா அடைஞ்சு கெடக்குது, அம்மிச்சி பூந்திக்கொட்டை போட்டு கழுவுனது அது பாட்டுக்கு அப்படியே இருக்குது. பத்து இல்லாத எடமா பாத்து கோட்ட வச்சாரு. 58.4. அவரு ஒண்ணும் சொல்லல, ராவிட்டு வேற கண்ணில வச்சாரு, 58 சொச்சம். கொக்கில வச்சாரு, அது கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வெள்ளி கொஞ்சம், மிச்சமெல்லாம் செம்பு.

அம்மிச்சிக்கு நம்பர் படிக்கத் தெரியும். "மெஷினு சூடாயிருச்சாட்டம் இருக்குது, கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்க"ன்னுச்சு.

நான் சிரிக்கல, சிரிக்கற நெலமைல இல்ல. ஆனா பத்து நிமிசத்துக்கு முன்னாடி கரெக்டா சொன்ன அதே பொட்டிதாங்க. அந்த மனுசனும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம காச எடுத்து மறுபடியும் வச்சாரு, மறுபடியும் 91.6. அம்மிச்சி அத பாத்துட்டு "காசு மழமழன்னு இருக்குது, அதனால அதுக்குப் புரியுது. சங்கிலி ஒடம்புல கெடந்தது, வேர்வை ஏறிருக்குது, அத எப்படி அது படிக்கும்"னு சொல்லிருச்சு. யோசிச்சுப் பாத்தா இது சும்மா ஒளறல் இல்ல, ஒரு வாதம். தப்பான வாதம், ஆனா கையில இருக்குற எல்லா விவரத்தையும் வச்சு சங்கிலிய காப்பாத்த ஒரு வழி கண்டுபிடிச்ச வாதம். காசு மேல அம்மிச்சிக்கு ஒண்ணும் பெரிய ஒட்டுதல் கெடையாது, அது அவங்க அப்பா சீரா குடுத்தது, அதனால காசு சொன்னத அப்படியே ஏத்துக்கிச்சு. சங்கிலி அப்பிச்சி, அதான் எங்க தாத்தா, போட்டது, மூணு பிரசவத்துலயும் கழட்டாதது.

அங்கதான் அந்த டெஸ்ட் பண்றவரு ஒண்ணு கேட்டாரு, "அம்மா, கல்யாணம் எந்த வருசமுங்க?" 1964னு சொல்லுச்சு. அவரு என்னை தனியா கூப்பிட்டு சொன்னதத்தான் இந்த ரிவ்யூல முக்கியமா எழுதணும்னு நினைச்சேன், ஏன்னா பழைய நகை வச்சிருக்குற நெறைய வீட்டுக்கு இது பொருந்தும். 1962 சீனா சண்டைக்கு அப்புறம் 1963 ஜனவரில மத்திய அரசாங்கம் தங்கக் கட்டுப்பாடு கொண்டாந்துச்சு, அப்ப நிதி மந்திரி மொரார்ஜி தேசாய், புதுசா செய்யற நகை 14 கேரட்டுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். 14 கேரட்டுன்னா 58.3 சதவீதம். சங்கிலில வந்தது 58.4. நாடு பூரா ஆசாரிங்க பொழப்பு அடியோட போச்சு, எவ்வளவோ பேரு தொழில விட்டாங்க, உசுர விட்டவங்களும் உண்டு, இவரோட அப்பாவே பட்டறைய மூடிட்டு மில்லு வேலைக்கு போனவராம். அப்புறம் 1968ல தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாவே வந்து, 1990லதான் அத எடுத்தாங்க. "அந்த சில வருசத்துல சட்டப்படி செஞ்ச நகைன்னா இந்த நம்பர்தான் தம்பி வரும், யாரும் யாரையும் ஏமாத்தலைன்னு வீட்டுல சொல்லுங்க"ன்னாரு. 200 ரூபாய்க்கு இந்த மாதிரி ஒரு விளக்கம் எந்த கடைல கெடைக்கும், சொல்லுங்க. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த சென்டருக்கு நான் எவ்வளவு வேணா மார்க் போடுவேன்.

பிரச்சனை வீட்டுல ரிப்போர்ட்ட விரிச்சப்பதான். எல்லாருக்கும் முன்னாடி ஒரே பேப்பர், அதே நாலு வரி. மாமா பாத்ததும் "ஆசாரி போட்ட நாமம்"னாரு, கூடவே தாய்ப் பொன்னுலயும் மாப்பொன் எடுப்பான்ங்கற பழமொழி வேற, அந்தப் பழமொழிய சொல்லியே ஒரு தொழில்காரங்க எல்லாத்தையும் திருடங்களாக்கி வச்சிருக்கோம், எனக்கு அது புடிக்காது. அம்மிச்சிக்கு கோவம் வந்துருச்சு, அந்த ஆசாரி எங்க திண்ணைல உக்காந்து என் கண்ணு முன்னாடி ஊதி ஊதி செஞ்சாரு, நானே மோர் குடுத்தேன், அவரு மேல பழி போட்டா எனக்கு ஆகாதுன்னுச்சு. அப்படி வீட்டுக்கே வரவச்சு செய்யறது அந்தக் காலத்துல வழக்கம்தான், தங்கம் கண்ண விட்டு போகக் கூடாதுன்னு. சித்தி ரிப்போர்ட்ட பாக்கவே இல்ல, "நடுவுல ஒரு வருசம் அது யாரு லாக்கர்ல இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்"னு சுவத்த பாத்து சொன்னாங்க, அது மாமாவோட லாக்கர், அத்தை சமையக்கட்டுல இருந்து டம்ளர டொக்குனு வச்ச சத்தம் ஹாலு வரைக்கும் கேட்டுச்சு. சங்கிலி மாத்தினது இல்ல, கல்யாண போட்டோல இருக்குற அதே கொக்கின்னு நான் காட்டினேன், போட்டோல எப்படிடா தரம் தெரியும்னு திருப்பி கேட்டாங்க. அவங்க என்னைக்கோ முடிவு பண்ணி வச்சிருந்த ஒண்ணுக்கு இன்னைக்கு ஒரு நம்பர் கெடைச்சிருக்குது, அவ்வளவுதான்.

சரி, சட்டத்த சொன்னா எல்லாரும் சமாதானமாயிருவாங்கன்னு நான் 1963 கதைய எடுத்து விட்டேன். ஆசாரி நல்லவரு, அப்பிச்சி நல்லவரு, லாக்கரும் நல்ல லாக்கரு, தப்பெல்லாம் டெல்லில, இதுக்கு மேல என்ன வேணும். ஆனா மொதல்ல மறுத்தது அம்மிச்சிதான். "உங்க அப்பிச்சியா? கவர்மெண்ட்டுக்கு பயந்தா? லெவி நெல்லு கேட்டு வந்த ஆபீசரயே வெரட்டி விட்ட ஆளு சாமி அவரு, எனக்கு நகை போடறதுக்கு சட்டத்த பாத்தாரா"ன்னு கேட்டுச்சு. நான் அப்பிச்சிய காப்பாத்தறதா நினைச்சுட்டு இருந்தேன், அம்மிச்சிக்கு அது அவர கோழையாக்கற மாதிரி பட்டிருக்குது. சட்டப்படி நடந்த புருசன விட மெஷினு பொய் சொல்றது அதுக்கு பரவால்ல.

அதுக்கு அப்புறம் அம்மிச்சி சொன்ன ஒரு விஷயம்தான் என்னால இன்னும் மறக்க முடியல. கெணறு வெட்டும்போது கைல காசு இல்லாம அட்டிகை, வளையல், மூக்குத்தி வரைக்கும் அடகுக்கு போச்சாம், இந்த சங்கிலிய மட்டும் அப்பிச்சி ஒரு தடவ கூட கேக்கலையாம், "அது உன் கழுத்துல கெடக்கட்டும்"னு சொல்லிருவாராம். "அவ்வளவு ஆசை எம்மேல"ன்னு கண்ண தொடைச்சுக்கிச்சு. எல்லாரும் கம்முனு இருந்தோம். சித்தப்பா, பாவம் மனுசன் எப்பவும் வாயே தொறக்க மாட்டாரு, அன்னைக்குன்னு பாத்து மெதுவா "அடகுக்கடைல கல்லுல ஒரசினா தெரிஞ்சுரும்னு அவருக்கு தெரிஞ்சிருக்குமோ என்னமோ"ன்னுட்டாரு. அம்மா டக்குனு டிவி சவுண்ட ஏத்தி வச்சாங்க.

நான் அத யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நடந்தது ஒரே விஷயம், அடகுக்கு போகல. அத அம்மிச்சி பாசம்னு படிக்குது, சித்தப்பா பயம்னு படிக்கறாரு, ரெண்டுக்கும் அந்த விஷயத்துல எடம் இருக்குது. 14 கேரட்டுன்னு தெரிஞ்சே போட்டுட்டு, அத பொண்டாட்டி கிட்ட சொல்ல மனசு வராம, கடைசி வரைக்கும் அத வெளிய போக விடாம பாத்துக்கிட்டாருன்னு வச்சுக்குங்களேன், அதுவும் பாசம் இல்லையா. எனக்கு இப்படி நினைக்கத்தான் புடிச்சிருக்குது, ஆதாரம் என்னன்னு கேட்டா எனக்கு அப்பிச்சிய புடிக்கும், அவ்வளவுதான் ஆதாரம். காக்கைக்கு தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க, அந்தக் குஞ்ச எந்த மெஷின்ல வச்சாலும் காக்கா ரிப்போர்ட்ட ஒத்துக்கப் போறதில்ல.

இதுல படிச்சவங்க படிக்காதவங்கன்னு ஒரு வித்தியாசமும் இல்லைங்கறதுக்கு சித்தியோட வளையல் கதை. 916 கேடிஎம்னு சீல் குத்தி பெரிய கடைல வாங்கினது, கடை பேரு வேண்டாம். 88 சொச்சம் வந்துச்சு. நாங்க எல்லாம் சித்தி ஆடப்போறாங்கன்னு எதிர்பாத்தோம், "பத்து வச்ச எடத்துல பாத்திருப்பாங்க, எனக்கு அந்த கடைய இருவது வருசமா தெரியும், ஒவ்வொரு அட்சய திருதியைக்கும் போன் பண்ணி கூப்பிடுவாங்க"ன்னு அவங்களே கடைக்காரங்களுக்கு வக்கீலாயிட்டாங்க. லாக்கர் விஷயத்துல அத்தைக்கு கெடைக்காத சந்தேகத்தின் பலன் அந்த கடைக்கு கெடைச்சுது பாருங்க. அந்த சென்டர்காரரு பத்து இல்லாத எடத்துலதான் பாத்தாரு, நான் பக்கத்துல நின்னேன்.

அந்த கேடிஎம்ங்கறதயும் சொல்லிடறேன், இன்னைக்கும் கடைல போயி "கேடிஎம் நகையா"ன்னு பெருமையா கேக்கறவங்க இருக்காங்க. அது தரத்தோட பேரே இல்லீங்க, காட்மியம் கலந்து பத்து வைக்கற முறை. செம்பு கலந்து பத்து வச்சா தரம் எறங்குது, காட்மியம் ரொம்ப கொஞ்சம் போதும், அதனால எறங்காதுன்னு வந்துச்சு, ஆனா அந்த புகை பத்து வைக்கறவங்க நுரையீரல கெடுக்குதுன்னு பிஐஎஸ் அத தடை பண்ணிருச்சு. அதே மாதிரிதான் "அந்தக் காலத்து தங்கம் செக்கச் செவேல்னு இருக்கும், அதான் சுத்தம்"ங்கற பேச்சும். எங்க வீட்டுல அந்த சங்கிலியோட செவப்ப காட்டி எத்தனையோ கல்யாணத்துல புதுத் தங்கத்த மட்டம் தட்டியிருக்காங்க. செவப்பு வந்ததே செம்புல இருந்து. நல்ல தங்கம் மஞ்சளாத்தான் இருக்கும்.

அம்மா தோட்ட பத்தி எழுத ஒண்ணும் இல்ல, 91 வந்துச்சு, முடிஞ்சுது. என் கையில கெடந்த மோதிரத்தயும் வைக்கலாம்லன்னு டெஸ்ட் பண்றவரு கேட்டாரு. கல்யாண நாளுக்கு வீட்டுக்காரம்மா சீட்டு கட்டி வாங்கிக் குடுத்தது. நாலு பொருளுக்கு மேல போனா கணக்கு மாறும், நேரமாச்சுன்னு சொல்லிட்டேன். அஞ்சாவத வச்சிருந்தா ஒண்ணுக்கு 45 வீதம் 225 தான் ஆகியிருக்கும், 25 ரூபாய்க்கு யோசிக்கற ஆளா நானுன்னு நீங்க கேக்கறது புரியுது, அடுத்த பாராவுக்கு போலாம்.

புது நகை வாங்கறவங்களுக்கு இந்த தலைவலி ரொம்ப கம்மி. 2021 ஜூன் 16ல இருந்து மொதல் கட்டமா 256 மாவட்டத்துல ஹால்மார்க் கட்டாயம், 2023 ஏப்ரல் 1ல இருந்து ஹெச்யூஐடி நம்பர் (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா குடுக்கற அடையாள நம்பர்) இல்லாத ஹால்மார்க் நகைய கடைல விக்கவே கூடாது. நகைல மூணு குறி இருக்கணும், பிஐஎஸ் முக்கோணம், 22கே916ங்கற மாதிரி தரம், அப்புறம் எழுத்தும் நம்பரும் கலந்த ஆறு எழுத்து, அதுதான் அந்த ஹெச்யூஐடி. அந்த ஆறு எழுத்த பிஐஎஸ் கேர் ஆப்புல போட்டா எந்த சென்டர் முத்திரை குத்துனது, என்ன பொருள், என்ன தரம் எல்லாம் வந்துரும், நீங்க வளையல் வாங்கிட்டு ஆப்புல மோதிரம்னு காட்டுச்சுன்னா அங்கயே நின்னு கேளுங்க. ஹால்மார்க் போட்ட நகைல தரம் கம்மியா இருந்தா, கொறையற தங்கத்துக்கு உண்டான பணத்துல ரெண்டு மடங்கும் டெஸ்ட் செலவும் திருப்பித் தரணும்னு 2018 பிஐஎஸ் விதிலயே இருக்குது. சித்தி வளையல் மாதிரி கடைக்காரங்களே குத்திக்கிட்ட சீலுக்கு இந்த பேச்செல்லாம் கெடையாது.

மெஷின் ரிப்போர்ட்ல திருப்தி இல்லன்னா கடைசி தீர்ப்புன்னு ஒண்ணு இருக்குது, நெருப்புல போட்டு பாக்கறது. நகைல இருந்து துளி வெட்டி எடுத்து ஈயத்தோட உருக்கி, மத்த உலோகத்த எல்லாம் பிரிச்சு, வெள்ளிய ஆசிட்ல கரைச்சு, மிச்சம் நிக்கற தங்கத்த எடை போடுவாங்க, அதுக்கு மேல அப்பீல் இல்ல. மாமா அதத்தான் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. வெட்டணும்னு கேட்டதும் அம்மிச்சி சங்கிலிய எடுத்து மறுபடியும் கழுத்துல போட்டுக்கிச்சு, "எடை போட்டு பிரி, தரம் போட்டு பிரிக்காத"ன்னு உத்தரவு. கணக்குப்படி அந்த சங்கிலில இருக்குற தங்கம் 22 கேரட்டுல மூணே கால் பவுனுக்கும் கொஞ்சம் கம்மிதான் வரும். மாமா நோட்டுல, பேங்க்ல முப்பது வருசத்துக்கு மேல கணக்கு பாத்த அதே கையெழுத்துல, "ரெட்டை வடம், 5 பவுன்"னு எழுதினாரு. யாருக்குன்னு இன்னும் முடிவாகல, எல்லா பேத்திகளும் அதத்தான் கேக்கறாங்க.

சென்டருக்கு என் மார்க்: டெஸ்ட் பண்ற வெதத்துக்கும் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டறதுக்கும் அஞ்சுக்கு அஞ்சு. எடத்துக்கு ரெண்டு, மாடிப்படில கைப்பிடி கூட இல்ல, வயசானவங்கள கூட்டிட்டு போறதுன்னா ஒரு ஆளு கூட வேணும். ரிப்போர்ட்டுக்கு மூணு, எழுத்து அவ்வளவு மங்கலா அடிச்சுக் குடுத்தாங்க, 58ஆ 88ஆன்னு மாமா கண்ணாடி போட்டும் ரெண்டு தடவ கேட்டாரு, நல்லா திருப்பி பிரிண்ட் எடுத்துக் குடுங்கன்னு அங்கயே கேட்டு வாங்கிக்கங்க. மத்தியானத்துக்கு மேல பட்டறை சரக்கு வந்து குவியும், காலைல தொறந்த ஒடனே போயிருங்க. ராஜ வீதில வண்டி நிறுத்த எடம் கெடைக்காது, டவுன் ஹால்ல பஸ்ஸுல எறங்கி நடந்து போறதுதான் நல்லது, கைல நகை இருக்குது பத்திரம்.